நாற்பத்தைந்தில் ஒரு ஹால் டிக்கெட்

முதல் கேள்விக்கு நான்காவது பக்கம் எழுதிக்கொண்டிருந்தபோது கை நின்றுவிட்டது.

பதில் தெரியும். கட்டைவிரல் மூட்டில்தான் சுருக்கென்று ஒரு வலி, சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போயிருந்தது. இருபது வருடமாக எழுதித்தான் பிழைக்கிறேன். ஆனால் அத்தனையும் கீபோர்டில். பேனா பிடித்து எழுதியது என்று பார்த்தால் மளிகைச் சீட்டு, பேங்க் சலான், பால் கணக்கு. மூன்று மணி நேரம் விடாமல் கையால் எழுத வேண்டும் என்பது எம்.ஏ.வுக்கு விண்ணப்பம் போட்டபோது எனக்கு உறைக்கவே இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு, முழங்கால் இடிக்கிறது. முன் பெஞ்சுப் பையன் இரண்டாவது அடிஷனல் ஷீட்டை வாங்கி நூல் கோத்துக்கொண்டிருந்தான். நான் கையை உதறிக்கொண்டிருந்தேன். அறைக் கண்காணிப்பாளர் பக்கத்தில் வந்து குனிந்து, “முடியலையா ஆன்ட்டி? தண்ணி வேணுமா?” என்றார். அவருக்கு இருபத்தெட்டு வயது இருந்தால் அதிகம்.

தேர்வுக் காலத்தில் சனி, ஞாயிறுகளில் ஏதாவது ஒரு தேர்வு மையத்து வாசலுக்குப் போய்ப் பாருங்கள். போலீஸ்காரர், நர்ஸ், அங்கன்வாடி டீச்சர், ஜெராக்ஸ் கடைக்காரர். பிளாஸ்டிக் ஃபைலில் ஹால் டிக்கெட், இன்னொரு கையில் கண்ணாடிக் கூடு. வேப்ப மரத்தடியில் கைக்குழந்தையோடு கணவரோ மாமியாரோ காத்திருப்பார்கள். பெற்றோர் உள்ளே எழுத, பிள்ளைகள் வெளியே நிற்கும் பரீட்சை இது.

மதுரைப் பல்கலைக்கழகம் 1971லேயே அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கிவிட்டது. அண்ணாமலை 1979, சென்னை 1981. நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே இக்னோ வந்தது 1985ல். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002ல். ஆக, வயதில் மூத்தவர்கள் நுழைவதற்கான கதவு அரை நூற்றாண்டுக்கு மேலாகத் திறந்துதான் இருக்கிறது. உள்ளே நுழைந்தவர்களுக்கு என்ன ஆகிறது என்று கேட்கத்தான் என்னைப் போல் முதுகு வளைந்த மாணவர்கள் சிலரிடம் உட்கார்ந்து பேசினேன். பாடம் கஷ்டமாக இருக்கிறது என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை.

“முப்பத்திரண்டு வருஷம் சில்லறைக்கு வாதாடியிருக்கேன்”

அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அறுபது முடிந்து வீட்டுக்கு வந்த அடுத்த ஆண்டே மூன்று ஆண்டு சட்டப் படிப்பில் சேர்ந்தார். பி.ஏ. பட்டத்தை டிப்போ ஓய்வறையில் படுத்துக்கொண்டே படித்து, அஞ்சல் வழியில் எப்போதோ வாங்கி வைத்திருந்தார். சட்டத்துக்கு அந்த வழி கிடையாது. நேரில் போய் உட்கார வேண்டும், பார் கவுன்சில் விதிப்படி 70 சதவீதம் வருகைப் பதிவு வேண்டும். அதே பார் கவுன்சில் 2008ல் கொண்டுவந்த விதிகளில் மூன்றாண்டுப் படிப்புக்கு 30 வயது என்று உச்சவரம்பு வைத்திருந்தது. வழக்கு மேல் வழக்காக நடந்து, 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்த பிறகுதான் இவரைப் போன்றவர்களுக்கு வழி பிறந்தது.

முதல் நாள் வகுப்பில் இவர் நுழைந்ததும் மொத்த வகுப்பும் எழுந்து நின்றதாம். புரொபசர் என்று நினைத்துவிட்டார்கள். உண்மையான பேராசிரியை பத்து நிமிஷம் கழித்து வந்தார். இவருடைய இரண்டாவது மகள் வயது. “நான் அவங்களை மேடம்னு எழுந்து நிக்கறேன், அவங்க என்னை சார், நீங்க உக்காருங்கன்னு சொல்றாங்க. ரெண்டு பேருக்குமே கூச்சம். ஒரு மாசம் ஆச்சு அது பழக.”

வகுப்பறை மூன்றாவது மாடியில். லிஃப்ட் இல்லை. முட்டி வலிக்காரருக்கு ஒரு நாளைக்கு நான்கு முறை ஏறி இறங்குவது பாடத்தைவிடப் பெரிய பாடம். கீழே டீக்கடைக்கு எல்லோரும் ஓடும்போது இவர் மேலேயே உட்கார்ந்துவிடுவார். வகுப்பில் முக்கியமான சேதியெல்லாம் டீக்கடையில்தான் பரிமாறப்படுகிறது என்பதைக் கண்டுபிடிக்க இவருக்கு முதல் இன்டர்னல் தேர்வு வரை ஆனது. தேர்வு தேதி மாறியதே தெரியாமல் வந்து நின்றார்.

நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார். “302ன்னா கொலை, 420ன்னா மோசடி. சின்ன வயசுலேர்ந்து சினிமா பாத்து, பேப்பர் படிச்சு மண்டையில ஏறின நம்பர்மா. இப்ப எல்லாத்தையும் மாத்திட்டாங்க.” 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்குத் தண்டனை சொல்லும் பிரிவு இப்போது 103, மோசடி 318. “பக்கத்துல உக்காந்திருக்கிற தம்பிக்கு மனசுல ஒண்ணும் இல்ல, புதுசா எழுதிக்கறான். நான் முதல்ல அழிக்கணும், அப்புறம் எழுதணும். பரீட்சைத் தாள்ல கை தானா 302ன்னு போகுது.”

ஆனால் மாதிரி நீதிமன்றம் என்று வந்தபோது, குறுக்கு விசாரணையில் இவரை அடிக்க ஆளில்லை. அடுத்தடுத்து கேள்வி போட்டு சாட்சியாக நின்ற பையனைத் திணறடித்துவிட்டார். எப்படி என்று கேட்டதற்குத்தான் சில்லறைக் கதையைச் சொன்னார்.

ரிமோட் எங்கே?

அடுத்தவர் ஒரு சத்துணவு அமைப்பாளர். வட மாவட்டத்துக் கிராமம் ஒன்று, வயது 41. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்று கல்யாணம் ஆனவர். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார். வீட்டுக்குத் தெரியும், ஊருக்குத் தெரிய வேண்டாமாம். “பாஸ் பண்ணினா நானே சொல்லிக்கறேன். இல்லன்னா எதுக்கு?”

நேராகப் பட்டப் படிப்பில் சேர்ந்துவிடலாமே என்று ஒருவர் இவரிடம் சொல்லியிருக்கிறார். நல்லவேளை, இவர் விசாரித்தார். பள்ளிப் படிப்பை முடிக்காமலே திறந்தநிலையில் பட்டம் வாங்கியவர்கள் ஏராளம். ஆனால் பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையில் வராத பட்டம் அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் செல்லாது என்று 2009ல் தமிழக அரசு ஆணையே போட்டிருக்கிறது. கையில் எம்.ஏ. சான்றிதழை வைத்துக்கொண்டு அலுவலகங்களில் ஏறி இறங்கியவர்களின் வயிற்றெரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. இவர் தனித்தேர்வராக பிளஸ் ஒன் ஒரு வருடம், பிளஸ் டூ அடுத்த வருடம் என்று எழுதித் தேறினார்.

அதற்குப் பிறகும் பி.ஏ.வில் சேராமல் ஓராண்டு காத்திருந்தார். காரணம் கேட்டு நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைக்கு, பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால், தமிழக அரசு கல்விக் கட்டணச் சலுகை தருகிறது. 2010-11 முதல் இருக்கும் திட்டம். அதற்கான சான்றிதழ் வேண்டுமானால் வீட்டில் வேறு யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது. அம்மா முந்திக்கொண்டு பட்டம் வாங்கிவிட்டால் மகளுக்குச் சலுகை போய்விடும். “அவ சேந்து, சர்ட்டிபிகேட் வாங்கி, ஃபீஸ் கட்டி முடிக்கட்டும்னு இருந்தேன். அவ காலேஜ் போனப்புறம் நான் சேந்தேன்.” இந்தத் திட்டத்தை நான் குறை சொல்லவில்லை, எத்தனையோ பிள்ளைகளைக் கரையேற்றியிருக்கிறது. ஆனாலும் தன் படிப்புக்கும் மகள் படிப்புக்கும் நடுவில் ஒரு தாய் கணக்குப் போட்டு வரிசையில் நிற்பதை எந்த அதிகாரியும் விதி எழுதும்போது நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

விடியற்காலை நாலு மணிக்கு எழுகிறார். பால்காரர் மணி அடிக்கும் வரைக்கும்தான் அவருடைய கல்லூரி. புத்தகங்கள் கிரைண்டர் மேல். அசைன்மென்ட் எழுதுவது மகளுடைய பழைய நோட்டில் மிச்சமிருக்கும் பக்கங்களில். அதைப் படம் பிடித்து பி.டி.எஃப். ஆக்கி ஏற்றித்தருவது மகள், ஹாஸ்டலிலிருந்து போனில் திட்டிக்கொண்டே. “அம்மா, நிழல் விழுது. மறுபடி எடு.”

சாயங்காலம் படிக்கலாமே?

“பொண்ணு படிச்சா டி.வி. சத்தத்தைக் குறைப்பாங்க. நான் புஸ்தகத்தை எடுத்தா, ரிமோட் எங்கேன்னு என்னையே கேப்பாங்க” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கணவர் கெட்டவர் இல்லை. தேர்வு மையத்துக்கு பைக்கில் கொண்டுபோய் விடுகிறவர் அவர்தான். ஆனால் வழி முழுக்க, “படிச்சு கலெக்டர் ஆகப் போறியா?” என்று கேட்டுக்கொண்டே வருவார். மாமியார் ஒன்றும் சொல்வதில்லை. தேர்வு நாள் பார்த்து அவருக்கு மூட்டுவலி வந்துவிடும்.

பெரிய சண்டை வேறொரு காரணத்துக்காக வந்தது. கணவர் ஒரு கடனுக்காகக் காகிதத்தைக் கொண்டுவந்து வழக்கம்போல் கையெழுத்துக் கேட்டிருக்கிறார். இவர் வாங்கி முழுக்கப் படித்தார். இரண்டு இடத்தில் என்ன அர்த்தம் என்று கேட்டார். “என்னை நம்பலையான்னு மூணு நாள் பேசலை. நம்பிக்கைக்கு என்ன, படிக்கத் தெரியுது, படிச்சேன். முன்னாடியும் தெரியும்தான். ஆனா படிக்கணும்னு தோணினதில்ல.”

ஜாக் மெசிரோ என்று ஓர் அமெரிக்கக் கல்வியாளர். அவருடைய மனைவி நடுவயதில் கல்லூரிக்குத் திரும்பினார். வீட்டில் மனைவியிடம் கண்ட மாற்றம் மெசிரோவை யோசிக்கவைத்தது. இடைவெளிக்குப் பிறகு கல்லூரிக்கு வந்த பெண்களை அவர் ஆராய்ந்து எழுதியது 1978ல். வயது வந்தவர் படிக்கும்போது புதுத் தகவல் சேர்வது சின்ன விஷயம், அதுவரை கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருந்தவையெல்லாம் ஆட்டம் காண்பதுதான் பெரிய விஷயம் என்பது அவர் கொள்கை. இன்றைக்கும் வயதுவந்தோர் கல்வி பற்றிப் பேசுகிறவர்கள் அவரைத் தொடாமல் போவதில்லை. சத்துணவு அமைப்பாளர் அவர் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. அந்தக் கடன் காகிதம் போதும்.

நாற்பதுக்கு மேல் படிக்க வருகிறவர்களின் மன அழுத்தம் என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பதினெட்டு வயதில் படிப்பது நம் வேலை. யாரிடமும் கேட்க வேண்டாம். நாற்பத்தைந்தில் அது திருடிய நேரம். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மனசு யாருக்கோ கணக்குச் சொல்கிறது.

இனிஷியல் படுத்தும் பாடு

காகிதப் பிரச்சினையைச் சொல்லாமல் போனால் சக மாணவர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். 1990களில் பள்ளியை விட்டவரிடம் இன்று கேட்கப்படுவது டி.சி., மார்க் ஷீட், ஆதார், டிஜிலாக்கர், ஏ.பி.சி. ஐ.டி., அதற்கு மேல் தொலைதூரப் படிப்பு என்றால் 2024லிருந்து டி.இ.பி. ஐ.டி. ஒவ்வொன்றுக்கும் ஓ.டி.பி. இளைஞர்களுக்கு இது பத்து நிமிஷ வேலை. அவர்களுடைய பெயர் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கும்.

எங்கள் பெயர் அப்படி இல்லை. பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல், முன்னால். ஆதாரில் கணவர் பெயர், பின்னால். பேங்க் பாஸ்புக்கில் இரண்டும் இல்லாமல் மொட்டையாக. கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பேர். கட்டணம் கட்டிவிட்டு, ‘பெயர் பொருந்தவில்லை’ என்ற ஒற்றை வரிக்கு முன்னால் நான் ஒன்றரை மாதம் உட்கார்ந்திருந்தேன். உதவி மையத்து எண்ணில் பாட்டுதான் பாடியது. கடைசியில் இ-சேவை மையத்துப் பெண் ஒருத்தி, “புள்ளிக்கு அப்புறம் ஒரு ஸ்பேஸ் விட்டுப் பாருங்கக்கா” என்றாள். ஒரு ஸ்பேஸ். அவ்வளவுதான்.

எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதப் போவதில்லை. எல்லா இடத்திலும் இதே கதைதான் என்று சக மாணவர்கள் சொன்னார்கள். விண்ணப்பப் படிவத்தில் ‘பெற்றோர் / பாதுகாவலர் கையொப்பம்’ என்ற கட்டத்துக்கு முன்னால் அறுபது வயதுக் கண்டக்டர் என்ன செய்தார் தெரியுமா? மகனைக் கூப்பிட்டுப் போடச் சொன்னார்.

மூளை மழுங்கவில்லை

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்று எங்கள் தெருவில் ஒரு பெரியவர் என்னிடமே சொன்னார். வளைவதைப் பற்றிய பழமொழி அது, படிப்பதைப் பற்றி அல்ல என்று சொல்லியிருக்க வேண்டும். அப்போது தோன்றவில்லை.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1956ல் வார்னர் ஷாய் என்ற உளவியலாளர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். அதே ஆட்களை ஏழேழு ஆண்டுக்கு ஒருமுறை அழைத்துச் சோதித்துப் பார்க்கும் ஆய்வு, பல பத்தாண்டுகள் நீண்டது. பார்த்ததைச் சட்டென்று அடையாளம் காணும் வேகம் மற்றத் திறன்களுக்கு முன்பே குறையத் தொடங்குகிறது. சொல்வளமும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனும் நடுவயதிலும் வளர்ந்துகொண்டுதான் இருக்கின்றன என்று அதில் தெரிந்தது. சரக்கு இருக்கிறது, எடுத்துக் கொடுக்கக் கொஞ்சம் நேரமாகிறது. நம் தேர்வோ மூன்று மணி நேரத்தில் எத்தனை பக்கம் என்று கேட்கிறது. கண்டக்டருக்கு 103 தெரியும், கைதான் 302க்குப் போகிறது. அவருக்கு அரை மணி கூடுதலாகக் கொடுத்தால் அடித்துத் திருத்திவிடுவார். யார் கொடுப்பார்?

கண்ணும் ஒரு காரணம். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வரும். வினாத்தாள் பொடி எழுத்தில், அறையில் ஒரே ஒரு டியூப்லைட். பத்து நிமிஷத்தில் தலைவலி. அதைப் பயம் என்று நினைத்துக்கொள்கிறோம். எனக்கு இரண்டாவது தேர்வுக்குப் பிறகு கண் டாக்டர் பவரைக் கூட்டி எழுதிக் கொடுத்தார். பாதிப் பயம் போய்விட்டது. கைக்கு, தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே தினம் இரண்டு பக்கம் எதையாவது எழுதுகிறேன். செய்தித்தாளைப் பார்த்து எழுதினால்கூடப் போதும். எனக்கு உதவிய அறிவுரை இது ஒன்றுதான்.

பத்திரிகைக்காரர்களாகிய எங்கள் மேலும் எனக்கு ஒரு குறை உண்டு. கேரளத்தில் கார்த்தியாயினி அம்மா 96 வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்கு 98 வாங்கியது 2018ல். ஒடிசாவில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் 64 வயதில் நீட் தேறி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தது 2020ல். இரண்டையும் எல்லோரும் படத்தோடு போட்டோம். மகிழ்ச்சி. ஆனால் 96ம் 64ம் செய்தி. 41 செய்தி இல்லை. அதிசயமாகவும் இல்லாமல், இளைஞராகவும் இல்லாமல் நடுவில் இருப்பவர்தான் உண்மையில் வேப்ப மரத்தடியில் கூட்டமாக நிற்கிறார்.

புள்ளிவிவரத்திலும் அவர் நிலை விசித்திரம். உயர்கல்விச் சேர்க்கை விகிதத்தில் தமிழ்நாடு 47 சதவீதம், நாட்டின் சராசரி 28.4 என்று 2021-22 கணக்கு சொல்கிறது. பெருமைதான். அந்த விகிதத்தில் வகுக்கும் எண் 18 முதல் 23 வயது வரையுள்ளவர்களின் எண்ணிக்கை. கல்லூரியில் சேர்ந்த 45 வயதுக்காரர் மேலே கூட்டலில் வருவார். கீழே வகுத்தலில் அவர் கிடையாது.

நாங்கள் முதல் தலைமுறையும் இல்லை. துர்காபாய் தேஷ்முக் 1909ல் ராஜமுந்திரியில் பிறந்தவர். ஆங்கில வழிப் பாடத்தை எதிர்த்துச் சிறு வயதிலேயே பள்ளியை விட்டவர். உப்பு சத்தியாகிரகம், சிறை, மதுரைச் சிறையில் தனிமைக் கொட்டடி. இத்தனைக்கும் பிறகு விட்ட இடத்திலிருந்து மெட்ரிக், பி.ஏ. என்று படித்து, சென்னையில் சட்டப் பட்டம் வாங்கியது 1942ல். அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்தது அதற்கும் பிறகு. மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவரான அவர், பாதியில் படிப்பை விட்ட வயது வந்த பெண்களைக் குறுகிய காலத்தில் பள்ளித் தேர்வுக்குத் தயார்செய்யும் திட்டத்தை 1958ல் நாடு முழுக்கக் கொண்டுவந்தார். பட்ட அனுபவத்திலிருந்து வந்த திட்டம். கல்லூரியில் பாதுகாவலர் கையொப்பக் கட்டத்தை அச்சடிக்கிறவர்களுக்கு அந்த அனுபவம் இல்லை.

என் முதல் தேர்வின் முடிவு வந்தது. கை நின்றுபோன அந்தத் தாளில் 43. தேர்ச்சி. மகனிடம் காட்டினேன். “இவ்வளவுதானா?” என்றான். அவன் மார்க் ஷீட்டைப் பார்த்து நான் பத்து வருடமாகக் கேட்ட கேள்வி.

சத்துணவு அமைப்பாளருக்கு அடுத்த தேர்வு ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு. மையம் இருபத்தைந்து கிலோமீட்டர். போன தடவை நாலு மணிக்கு எழுந்து இட்லி ஊற்றி, சாம்பார் வைத்து, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாராம். படிக்க வைத்திருந்த கடைசி இரண்டு பாடம் படிக்காமலே போனது. அந்த இரண்டிலிருந்தும் கேள்வி வந்தது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். அம்மாவாக, மனைவியாக, அண்ணியாக. அவருக்கு ஊக்கம் எல்லாம் கொடுக்க வேண்டாம். தேர்வன்று காலை டிபனை மட்டும் நீங்கள் செய்துவிடுங்கள்.